பழைய பாட்டில் ஏறிய திருவாரூர் பஸ்

1

எங்கள் வீட்டில் கல்யாண நாள் என்று தனியாக எதுவும் செய்வதில்லை. நான் கொஞ்சம் பாயசம் வைப்பேன். அவர் வேலையிலிருந்து வந்து, "என்ன விசேஷம்?" என்பார். "ஒண்ணுமில்ல, பால் மிஞ்சிப்போச்சு" என்பேன். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த வருஷமும் அப்படியே போயிருக்கும், எங்கள் மகள் ரேவதி அந்தக் கேசட்டை வாங்கி வராமல் இருந்திருந்தால்.

ரேவதிக்குப் பதினொரு வயது. ஒரே பிள்ளை. ஈப்போவில் வாரத்துக்கு ஒரு நாள் எங்கள் தெருவையே அடைத்துக்கொண்டு சந்தை போடுவார்கள். பாசார் மாலாம் என்று பெயர். வறுத்த மீ நூடுல்ஸிலிருந்து மெத்தை உறை வரை எல்லாம் கிடைக்கும். ரேவதி அங்கே போனால் கேசட் விற்கிற சீனர் கடையில்தான் நிற்பாள். அன்றைக்கு அவள் வாங்கி வந்த கேசட்டின் அட்டையில் படமே சரியாகத் தெரியவில்லை. அசலைப் பார்த்து நகலெடுத்து, அந்த நகலைப் பார்த்து இன்னொரு நகல் எடுத்தது போலிருக்கிறது. கறுப்புத் தொப்பியும் கனத்த சங்கிலியும் போட்ட இரண்டு மூன்று கறுப்பினப் பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது மட்டும் தெரிந்தது.

அவள் அதைப் போட்டுவிட்டுச் சத்தத்தை முழுசாகத் திருப்பினாள். முதலில் வெறும் டிரம் மட்டும் வந்தது. பிறகு ஒரு கிட்டார், படியேறுகிற மாதிரி, நாலு படி ஏறி ஒரு படி இறங்கி மறுபடி ஏறியது. சரியாக அந்த நேரத்துக்கு என் வீட்டுக்காரர் செல்வம் டயர்க் கடையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு செருப்பு காலில் இருக்க அப்படியே நின்றுவிட்டார்.

"ஏய், இது நம்ம பாட்டுலா!" என்றார். இந்த ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"இல்லலா பா," என்றாள் ரேவதி. "இது புதுசு. அமெரிக்காவுல இப்பதான் வந்துச்சு. ராப் பா, ராப்."

"புதுசா? இத நான் வாசிக்கிறப்ப நீ பொறக்கவே இல்ல."

ரேவதி கழுத்தை ஒரு வெட்டு வெட்டினாள். அதற்குள் கேசட்டில் யாரோ கடகடவென்று பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டார். செல்வத்தின் முகம் சுருங்கிவிட்டது. "யாரு இவன்? பாட்டு நடுவுல வந்து சண்ட போடுறான்?" என்றார். அடுத்த நிமிஷம் பழைய பாட்டைப் பாடிய அந்தக் கீச்சுக்குரல் வெள்ளைக்காரரே உள்ளே நுழைந்து, தன்னுடைய வரியைத் தானே பாடினார். செல்வம் டயர்க் கரி படிந்த கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுப்படியில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்த எனக்கும் கை நின்றுவிட்டது. எனக்கு இங்கிலீஷ் பாட்டென்றால் எல்லாம் ஒன்றுதான். ஆனால் அந்தக் கிட்டாரை மட்டும் எந்த ஜன்மத்திலும் மறக்க மாட்டேன். கல்யாண விருந்தில் என்னைத் தனியாக நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என் மாப்பிள்ளை எழுந்து போனது அந்தப் பாட்டுக்குத்தான்.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "மாப்பிள்ளைக்குச் சங்கீதம் உண்டு" என்று சொன்னார்கள். தஞ்சாவூரில் அந்த வார்த்தையைக் கேட்டால் என்ன நினைப்போம்? வீணையோ வயலினோ என்று நினைத்துக்கொண்டேன். தாலி கட்டி, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸும் லாரியுமாகச் சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். தோட்டம் என்றால் உங்களுக்குக் கத்தரிக்காயும் மல்லிகையும் நினைவுக்கு வரும். இது மலை மலையாக ரப்பர் மரம். கித்தா மரம் என்பார்கள். வெயில் தரையில் விழாது. வந்த புதிதில் நாள் முழுக்கச் சாயங்காலம் மாதிரியே இருந்தது எனக்கு.

நான் வந்து சேர்ந்ததற்கு மாரியம்மன் கோயில் முன்னால் தகரப் பந்தல் போட்டு விருந்து வைத்தார்கள். அங்கே விருந்தென்றால் சாப்பாட்டோடு முடிவதில்லை. பந்தி ஒரு பக்கம் நடக்கும், பாட்டு ஒரு பக்கம் நடக்கும். அப்புறம் ஜோகெட் என்று ஓர் ஆட்டம் உண்டு. மலாய்க்காரர்களிடமிருந்து வந்தது. ஆண்களும் பெண்களும் வட்டமாக நின்று, ஆளை ஆள் தொடாமல் ஆடுவார்கள். உறவுக்காரர்களில் யாரை வேண்டுமானாலும் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிடலாம். கூப்பிட்டால் மறுக்கக்கூடாது, ஏதாவது செய்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அதுதான் வழக்கம்.

அந்தத் தோட்டத்துக்கென்று ஓர் இசைக்குழு இருந்தது. எல்லோரும் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற பால்வெட்டுக்காரர்கள். டிரம் வாசித்தவர் முனியாண்டி அண்ணன். என் வீட்டுக்காரரோடு பக்கத்து நிரையில் பால் வெட்டியவர், வயதில் மூத்தவர். அவர்தான் மைக்கைப் பிடித்து, "மாப்ள வரணும்! மாப்ள வந்தாத்தான் ஆட்டம்!" என்று கத்தினார். என் பக்கத்தில் கோட்டும் மாலையுமாக உட்கார்ந்திருந்த மனிதர் மாலையைக் கழற்றி என் மடியில் வைத்தார். "இரு, வாரேன்" என்றார். போயே போய்விட்டார்.

போனவர் சினிமாப் பாட்டாவது வாசித்திருக்கலாம். வாசித்தது இந்த இங்கிலீஷ் பாட்டு. அவருக்கும் அர்த்தம் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கிட்டார் படியேற ஆரம்பித்ததும் பந்தியில் இருந்தவர்கள் பாதி இலையில் எழுந்துவிட்டார்கள். வெற்றிலை போட்ட ஆத்தாமார்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடினார்கள். கணக்கெழுதுகிற கிராணிகூட, மேலதிகாரி பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே ஒரு காலை மட்டும் ஆட்டினார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் வந்தது. கடல் தாண்டி வந்தது ஒரு கூத்தாடிக்கு மாலை சுமக்கவா என்று நினைத்தேன். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. மரத்துக்கு நோகாமல் பட்டையை மெல்லிசாகச் சீவுகிற அந்தக் கை, கம்பியில் விழுகிறபோதும் அப்படித்தான் விழுந்தது. அவசரமே இல்லை. ஆனால் ஓரிடத்திலும் பிசகவில்லை. என் வீட்டுக்காரர் மேல் எனக்கு வந்த முதல் பிரியம் அந்தக் கையின் மேல் வந்ததுதான்.

ஆட்டம் முடிந்ததும் முனியாண்டி அண்ணன் வியர்வையோடு என்னிடம் வந்தார். "கோவிச்சுக்காத தங்கச்சி. நாளைக்கு விடியக்காலம் பெரட்டுல பேரு கூப்பிடுவாங்க, எல்லாரும் வரிசையா போயி நிக்கணும். இன்னிக்கி ஒரு நாளுதான் நமக்கு" என்றார். பெரட்டு என்றால் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

3

அந்தத் தோட்டம் இப்போது கித்தாத் தோட்டம் இல்லை. மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டார்கள். அதற்கு அத்தனை ஆள் தேவைப்படவில்லை. லயம் என்று வரிசையாகக் கட்டிய தோட்டத்து வீடுகளில் இருந்தவர்கள் தாப்பா, பீடோர், காம்பார் என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். மரத்தில் பால் எடுத்தவர் டயர் கழற்றப் போனார். "எல்லாம் ஒரே சாமான்தான், கமலா. முன்ன தண்ணியா இருந்துச்சு, இப்ப கெட்டியா இருக்கு" என்று சிரிப்பார். கிட்டார் அலமாரிக்கு மேலே ஏறியது. குழுவே இல்லாதபோது அதை எடுத்து என்ன செய்வது என்று விட்டுவிட்டார்.

நானும் ஒன்றை விட்டுவிட்டு வந்தவள்தான். என் அப்பாவுக்குத் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் வேலை. தனியார் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற வேலை. மைக் கிடையாது, ஒன்றும் கிடையாது. பஸ் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று குரல் கொடுப்பார். "தஞ்சாவூர் மாரியம்மன்கோயில் சாலியமங்கலம் அம்மாப்பேட்டை கோயில்வெண்ணி நீடாமங்கலம்" என்று ஒரே மூச்சில் போய், நீடாமங்கலத்தில் ஒரு நிறுத்து நிறுத்துவார். பஸ்ஸே அங்கே நின்றுவிட்ட மாதிரி இருக்கும். அப்புறம் "கொரடாச்சேரி" என்று இழுத்து, "குளிக்கரை திருவாரூர்" என்று கொண்டுபோய் முடிப்பார். கடைசியில், "ஏறு ஏறு ஏறு, உக்காந்தே போலாம்!" உள்ளே ஒற்றைக்காலில் நிற்கக்கூட இடம் இருக்காது. ஆனாலும் அவர் சொன்னால் ஜனம் நம்பி ஏறும். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே எங்கள் வீடு. காலையில் நான் கண் விழிப்பதே அந்தக் குரலில்தான்.

இங்கே வந்த சில வருஷத்தில் அவர் போய்விட்டார். தந்தி வந்தபோதே காரியம் முடிந்திருந்தது. கப்பலில் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், போய் யாரைப் பார்ப்பது? அன்றைக்கு ரேவதி கைக்குழந்தை. தூளியை ஆட்டிக்கொண்டே, என்ன பாடுவதென்று தெரியாமல், அப்பாவின் பஸ்ஸைக் கூப்பிட்டேன். குழந்தை தூங்கிவிட்டது. அதிலிருந்து அதுதான் அவளுக்குத் தாலாட்டு. மெதுவாக, இழுத்து, ஒவ்வோர் ஊராகச் சொல்வேன். கொரடாச்சேரி என்று இழுக்கும்போது கண் சொருகிவிடும். அவளுக்கு நாலைந்து வயது ஆகும்வரை இப்படித்தான் தூங்கினாள்.

பள்ளிக்கூடம் போன பிறகு எல்லாம் மாறிவிட்டது. நான் தமிழில் கேட்டால் அவள் மலாயில் பதில் சொல்வாள், அதட்டினால் இங்கிலீஷுக்கு மாறுவாள். ஊர்ப் பேச்செடுத்தால், "அலாமாக், மறுபடியும் தஞ்சாவூரா?" என்று தலையில் கை வைத்துக்கொள்வாள். எனக்குச் சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரமாக இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை என்று அர்த்தம். மகளுக்கு நீல அட்டை கிடைக்கும். ஒரே வீட்டில் எங்களுக்கு இரண்டு நிறம்.

ஒருமுறை, ஊருக்குப் போய்த் திரும்பி வருவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க அவளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் மலாயில் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தேன். கவுண்டரில் இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்ததும் எல்லாம் மறந்து, "சாயா மாவ் பாலிக்" என்றேன். "நான் திரும்பிப் போக வேண்டும்" என்று அர்த்தம். அந்த அம்மாள் நல்ல மாதிரி. சிரித்துக்கொண்டே, "போங்களேன், எப்போது?" என்று கேட்டார். ரேவதி என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்து, மணி மணியாக மலாயில் பேசி வேலையை முடித்தாள். வெளியே வந்ததும், "மா, இனிமே நீ பேசாத. நான் பேசிக்கிறேன்" என்றாள்.

கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்துப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது அவளையே பார்த்துக்கொண்டு வந்தேன். இவள் அப்பாவின் மூக்கு இவளிடம் இருக்கிறது, அப்பாவின் விரல் இருக்கிறது. இந்த ஊரின் பேச்சும் நடையும் இருக்கிறது. என்னுடையது என்று இந்தப் பிள்ளையிடம் ஏதாவது ஒன்று ஒட்டியிருக்கிறதா? நான் போன பிறகு என் அப்பாவின் குரல் இந்தப் பூமியில் எங்கேயாவது இருக்குமா? இப்படியெல்லாம் யோசித்து நான் இறங்க வேண்டிய இடத்தையும் தவறவிட்டேன்.

4

கேசட்டுக்கு வருகிறேன். முதல் இரண்டு நாள் அப்பாவுக்கும் மகளுக்கும் ஓயாத சண்டை. "பாட்டக் கெடுத்துட்டானுங்க" என்பார் அவர். "நல்லாக்கிட்டாங்க" என்பாள் இவள். மூன்றாம் நாள் பார்த்தால், அவர் நாற்காலி போட்டு ஏறி அலமாரி மேலிருந்த கிட்டாரை இறக்கிக்கொண்டிருக்கிறார். கம்பி துருப்பிடித்துப் போயிருந்தது. புதுக் கம்பி வாங்கி மாட்டி, கேசட்டோடு சேர்த்து வாசித்துப் பார்த்தார். விரல் மறக்கவில்லை. ரேவதி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்ததிலிருந்து அந்தக் கிட்டார் தூசி படிந்த ஒரு பெட்டிதான்.

கேட்கக் கேட்க எனக்கும் அந்தப் பாட்டு பிடிபட்டது. எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். பழைய பாட்டை எடுத்துப் புதுசாகப் பாடுவது பெரிய காரியம் இல்லை, எல்லோரும் செய்வதுதான். இந்தப் பையன்கள் அப்படிச் செய்யவில்லை. பழைய ஆட்களையே கூப்பிட்டு, "நீங்க உங்க இடத்துல நில்லுங்க, நாங்க எங்க இடத்துல நிக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பாடுவதை விட்டுவிட்டுப் பேசவில்லை, இவர்கள் பேசுவதை விட்டுவிட்டுப் பாடவில்லை. யாரும் யாருக்காகவும் மாறவில்லை. ஆனாலும் ஒரே பாட்டாக நிற்கிறது. அந்த நாட்டில் வெள்ளையர் பாட்டு ஒரு பக்கம், கறுப்பர் பாட்டு ஒரு பக்கம் என்று ரேடியோவிலேயே பிரித்து வைத்திருந்தார்களாம், ரேவதி சொன்னாள். இந்தப் பாட்டு இரண்டு பக்கமும் ஓடியதாம். எனக்கு அந்த இளைஞர்களின் துணிச்சலை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்த நேரத்தில்தான் முனியாண்டி அண்ணன் காம்பாரிலிருந்து பத்திரிகை வைக்க வந்தார். அவருடைய மகனுக்குக் கல்யாணம். மண்டபமெல்லாம் வேண்டாம், பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலிலேயே வைத்துக்கொள்கிறோம் என்றார். வீட்டுக்குள் நுழைந்தவர் கிட்டார் கீழே இருப்பதைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, கம்பி மாத்திட்டியா? அப்ப நான் டிரம்மத் தட்டுறேன், நீ வந்து வாசிக்கிற. சூடா, பேச்சு முடிஞ்சிச்சி" என்றார். சூடா என்றால் மலாயில் ஆயிற்று என்று அர்த்தம்.

"நான் மட்டும் வந்தா பத்தாது அண்ணே. இந்தப் பாட்டுக்கு இப்ப பேசுறதுக்கு ஒரு ஆளு வேணும்" என்றார் செல்வம்.

இரண்டு பேரும் ரேவதியைப் பார்த்தார்கள். அவள் ஒரு நொடி கூட யோசிக்காமல், "போலே!" என்றாள். முடியும் என்று அர்த்தம்.

ஆனால் முடியவில்லை. கேசட்டில் அவர்கள் பேசுவது பாதி அவளுக்கே புரியவில்லை. புரிந்த மீதி கல்யாண வீட்டில் சொல்லக்கூடியதாக இல்லை என்று நினைக்கிறேன். "என்னடி சொல்றான் இந்த இடத்துல?" என்று நான் கேட்டால், "ஸ்கூல் பத்திமா" என்று எழுந்து போய்விடுவாள். சொந்தமாக ஏதாவது பேச வேண்டும் என்று முடிவானது. மலாயில் முயன்று பார்த்தாள். கேட்க நன்றாக இருந்தது, ஆனால் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கிறதென்று அவளே நிறுத்திவிட்டாள்.

"தமிழ்ல செய்யேன்" என்றார் அவர்.

"தமிழ்ல எப்படிப் பா ராப் பண்றது? தமிழ் ரொம்ப ஸ்லோ லா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தவள் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "தமிழ் ஸ்லோவா? எங்கப்பா இதைத்தான்டி தினம் பஸ் ஸ்டாண்டுல பண்ணினார்!" என்றேன். ஒரு காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்து, அப்பா மாதிரியே, "தஞ்சாவூர் மாரியம்மன்கோயில் சாலியமங்கலம்" என்று அடித்தேன். செல்வத்தின் கை தானாகக் கம்பிக்குப் போனது.

ரேவதி விழுந்து விழுந்து சிரித்தாள். "மா! அது பஸ் கண்டக்டர் லா! எல்லாரும் கேலி பண்ணுவாங்க!"

சாலியமங்கலத்தோடு நின்றுவிட்டேன். காலை இறக்கிக்கொண்டு போய் மறுபடி மிளகாய் கிள்ள உட்கார்ந்தேன். செல்வம், "ஏய், அம்மாவ அப்படிச் சொல்லாத" என்றார். நான், "விடுங்க, பிள்ளைதானே" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு மிளகாய் இருந்தது, சமாளித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கே மனசுக்குள் ஒரு கதவைச் சாத்தினேன். இனி ஊர்ப் பேச்சை இவளிடம் எடுப்பதில்லை, அப்பாவோடு அது போகட்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

5

கல்யாணத்தன்று ஈப்போவிலிருந்து பஸ்ஸில் போனோம். கிட்டாருக்கு ஒரு ஸீட். ரேவதி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஊர் வரும்போதும் பெயர்ப்பலகையைப் பார்த்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லமா" என்றுதான் வரும்.

தோட்டம் எனக்கு அடையாளமே தெரியவில்லை. கித்தா மரம் போன பிறகு வெயில் நேராகத் தலையில் இறங்கியது. செம்பனைக்கு நடுவில் கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நின்றது. ஆனால் பந்தலுக்குள் நுழைந்தால் பழைய லயமே திரும்பி வந்திருந்தது. காம்பாரிலிருந்து, தாப்பாவிலிருந்து, பீடோரிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். "பசியாறிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே ஆளை ஆள் பிடித்து உலுக்கினார்கள். வழக்கப்படி நெருங்கினவர்கள்தான் பந்தி விசாரிக்க வேண்டும். நான் சேலையைச் செருகிக்கொண்டு ரச வாளியைத் தூக்கினேன்.

மதியச் சாப்பாடு பாதியில் இருக்கும்போது முனியாண்டி அண்ணன் மாப்பிள்ளைக்கு அப்பா என்பதையும் மறந்து, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரம்மில் போய் உட்கார்ந்தார். முதலில் டிரம் மட்டும் வந்தது. அப்புறம் என் வீட்டுக்காரரின் கிட்டார் படியேறியது. அன்றைக்கு எழுந்த மாதிரியே பந்தியில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். முடி நரைத்திருந்தது, கால் கொஞ்சம் நிதானித்தது, அவ்வளவுதான் வித்தியாசம். என் கண் அவர் கையைவிட்டு நகரவில்லை.

ரேவதி மைக்கை எடுத்தாள். பட்டுப் பாவாடை சட்டை, தலையில் எங்கிருந்தோ பிடித்த ஒரு கறுப்புத் தொப்பி. அவள் டிரம்மைக் கொஞ்சம் ஓடவிட்டு, ஒரு காலைத் தூக்கி ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"ஈப்போ ஈப்போ ஈப்போ! கோப்பெங் காம்பார் தாப்பா! தாப்பா தாப்பா பீடோர்! சுங்காய் சிலிம் ரிவர்!"

காம்பார் என்றதும் காம்பார்க்காரர்கள் கத்தினார்கள். தாப்பா என்றதும் ஒரு மூலையே எழுந்து ஆடியது. அவரவர் போய் விழுந்த ஊரை, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, இந்தக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தாள் என் மகள். இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. நடுநடுவே செல்வம் அந்தப் பழைய இங்கிலீஷ் வரியைப் பாடினார். இன்னும் அர்த்தம் தெரியாமல்தான் பாடினார். ஒருவர் பாட, ஒருத்தி பேச, இரண்டு பேரும் அவரவர் இடத்திலேயே நின்றார்கள். கேசட்டில் கேட்டது என் கண்ணெதிரே நடந்தது. என் கையில் இருந்த ரசம் யாருடைய இலையிலோ ஓடிக்கொண்டிருந்தது. "அக்கா, போதும் போதும்" என்று அந்தப் பெண் சொன்ன பிறகுதான் வாளியை நிமிர்த்தினேன்.

அப்போது அவள் கையை உயர்த்தினாள். கிட்டார் நின்றது. டிரம் மட்டும் ஓடியது. இது ஒத்திகையில் இல்லை. செல்வம் திரும்பி அவளைப் பார்த்தார்.

"தஞ்சாவூர் மாரியம்மன்கோயில் சாலியமங்கலம் அம்மாப்பேட்டை கோயில்வெண்ணி நீடாமங்கலம்."

ஒரே மூச்சு. நீடாமங்கலத்தில் ஒரு நிறுத்து. பஸ்ஸே அங்கே நின்றது.

அவள் தஞ்சாவூரைப் பார்த்ததில்லை. நீடாமங்கலம் இருப்பது எந்தத் திசை என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. சாலியமங்கலத்தைச் சுத்தமாகச் சொல்ல என் வீட்டுக்காரருக்கே வராது. அவள் ஓர் எழுத்து பிசகாமல், வரிசை மாறாமல், என் அப்பா எங்கே மூச்சு வாங்குவாரோ அங்கே மூச்சு வாங்கிச் சொன்னாள். என் அப்பாவின் குரல் அந்தப் பிள்ளையின் தொண்டையில் இருந்தது. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

"கொரடாச்சேரி!" என்று இழுத்தாள்.

அதோடு நின்றுவிட்டாள். வாய் திறந்தபடி இருந்தது, வார்த்தை வரவில்லை. முனியாண்டி அண்ணன் ஒரு சுற்றுத் தட்டினார், இன்னொரு சுற்றும் தட்டினார். அவள் கண் கூட்டத்தில் என்னைத் தேடியது. எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கு அப்புறம் அவளுக்குத் தெரியாது.

நான் மேடைக்குப் போகவில்லை. பந்திக்கு நடுவில், ரச வாளிக்குப் பக்கத்தில் நின்றேன். மைக் எனக்கெதற்கு? நான் யார் மகள்?

"குளிக்கரை! திருவாரூர்! ஏறு ஏறு ஏறு! உக்காந்தே போலாம்!"

கோயில் சுவர் வரை போய் இடித்துத் திரும்பி வந்தது என் குரல். அப்புறம் செல்வம் கிட்டாரை அடித்து உள்ளே நுழைந்தார். பந்தல் முழுக்க, திருவாரூர் எங்கே இருக்கிறதென்று தெரியாத ஜனம், "உக்காந்தே போலாம்! உக்காந்தே போலாம்!" என்று கத்திக்கொண்டே ஆடியது. யாரும் உட்காரவில்லை.

பாட்டு முடிந்ததும் ரேவதி கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் ஓடி வந்தாள். தொப்பி நழுவிப் போயிருந்தது. மூச்சு வாங்கியது. முகத்தில் உண்மையான கோபம்.

"மா, அதுக்கப்புறம் ரெண்டு ஊரு இருக்கா? நீ சொல்லவே இல்ல!"

"சொன்னேன்டி. நீ தூங்கிட்ட."